விற்பவன் அறிந்தது

பதினெட்டு ஆண்டுகள் எம்மைச் சுமந்த யப்பானியக் கார் ஒன்றை 2025 ஆம் ஆண்டில் விற்றோம். அது ஒரு நாளாவது வழியில் நின்று எம்மைக் கைவிட்டதாக நினைவில்லை. அத்தகைய ஒன்றை ஏன் விற்கவேண்டும் எனக் கேட்ட நண்பர் சிலர். ஏன் இத்தனை காலம் வைத்திருந்தீர்கள் எனக் கேட்டவர்களே பலர்.

யாழ்ப்பாணத்திலே இந்த இரண்டாவது கேள்வி எழுவது விந்தையே. 1990 இன் பின், பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிய ஆண்டுகளில், நோயாளரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றவை ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள் அல்லவா? காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். இன்றைய எஞ்சின்கள் அக்கொடுமையைத் தாங்கா.

ஆகவே எமது காரணத்தை நாமே சோதிக்க நேர்ந்தது. பாடசாலை முற்றத்தில் நிற்கும் வாகனங்களுள் எமதே பழையது என்ற கூச்சம் இருந்தது. அதனை மறைத்துப் பயனில்லை. அது மட்டுமே காரணமாயின் விற்றிருக்கமாட்டோம் என நம்ப விரும்புகிறோம். முழங்கால் நோயுற்ற தாயாரால் அதன் தாழ்ந்த ஆசனத்திலிருந்து எழ முடியாது போயிற்று. அடுத்தது சிறியதாயும், உயர்ந்த ஆசனம் உடையதாயும் இருந்தாற் போதும். வேறு சிறப்பு வேண்டியதில்லை.

சிக்கல் விலையிலே பிறந்தது. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இல் ரூபாய் சரிந்தது. முற்றத்தில் நின்ற கார், எமது உழைப்பு எதுவுமின்றி, வாங்கிய விலையின் இருமடங்கைத் தாண்டிற்று. உபயோகப் பெறுமதி தேய்ந்துகொண்டே போன பண்டத்தின் பரிவர்த்தனைப் பெறுமதி ஏறிக்கொண்டே போயிற்று! இவ்வேறுபாட்டை மாணவருக்குப் பலமுறை விளக்கியவர்களே நாம். இலாபம் சொந்த மடியில் விழும்போது மட்டும் விளக்கம் நாவில் தடுமாறுகிறது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், விலை விழுமுன் தள்ளிவிடுங்கள் என்றனர் நண்பர்கள்.

கி.மு. 44 இல் சிசெரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து வணிகன் ஒருவன் தானியக் கப்பலுடன் வருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருவதை அவன் அறிவான். அதனைச் சொல்லவேண்டுமா, மௌனமாக இருந்து உச்ச விலைக்கு விற்கலாமா? சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும் என்றார் டயோஜனிஸ். அவரது மாணவர் அன்ரிபேற்றரோ எதையும் மறைத்தலாகாது என்றார். நாம் மாணவர் பக்கமே. எனினும் பஞ்சத்தை விலையாக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை இவ்வழக்கு எழுப்பவேயில்லை.

எம் காரியத்தில் கப்பல்கள் வருவதை ஊரே அறியும். அறியாதது வேறொன்று. நெடுந்தூரம் ஓடினால் அவ்வெஞ்சின் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ அரை லீற்றர் ஒயில் குடிக்கும். மாடு வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்; காருக்கு அந்த வசதி இல்லை. வாங்க வந்தவர் கிளிநொச்சி இளைஞர். கடன்பட்டு வாங்கி வாடகைக்கு ஓடப் போகிறவர். எமக்குச் சிறு தொல்லையாக இருந்தது, கவனியாது விட்டால் அவரது எஞ்சினையும் பிழைப்பையும் ஒருங்கே விழுங்கிவிடும். சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப ஒரு லட்சம் குறையுங்கோ சேர்" என்றார். குறைத்தோம். வீட்டில் இரண்டு நாள் எம்முடன் எவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு லட்சம் போனபின்னும் கைக்கு வந்தது வாங்கிய விலையிலும் கூடவே என்பதை அவர்களும் மறந்தனர், அக்கணம் நாமும் மறந்தோம்.

புதிய கார்கள் வரியின் பாரத்தால் எட்டாதவை. ஆதலால் ஏற்கெனவே ஓடிய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினோம். தாயார் பிறர் கைப்பிடியின்றி ஏறி இறங்குகிறார். மூன்றாம் வாரத்தில் கராஜுக்குக் கொண்டு சென்றபோது, ஹைபிரிட் பற்றரி பலமிழந்து விட்டது என்று தெரிந்தது. விற்றவர் வாய் திறக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. எச்சரிக்கை விளக்கு இன்னும் எரியவில்லை, அதற்குள் வேறொருவர் தலையில் கட்டிவிடுங்கள் என்கிறார் மெக்கானிக்.

அவருக்கு இன்னும் மறுமொழி சொல்லவில்லை.