கையின் சௌகரியம்

எழுதுகிறவன் தன் பேனாவைப் பற்றியோ பென்சிலைப் பற்றியோ பேசுவது நம்மிடையே சற்று வெட்கத்துக்குரிய காரியம். சொல்ல விஷயம் இல்லாதவன்தான் கருவியைப் பற்றிப் பேசுவான் என்று ஒரு எண்ணம். வறுமை, தூக்கமின்மை, அச்சகத்திலிருந்து வாங்கிவந்த துண்டுக் காகிதம் என்று இவற்றையே படைப்பின் உத்தரவாதமாகக் கருதும் ஒரு பழக்கத்தை நாம் பேணி வந்திருக்கிறோம். சௌகரியம் என்ற சொல்லிலேயே நமக்கு எதிர்முகாமின் வாடை அடிக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வலது கட்டைவிரலின் அடிமூட்டில் வலி கண்டு, இரண்டு பக்கம் எழுதியதும் கையை உதறிக்கொண்டு உட்கார வேண்டி வந்தபோதுதான் இந்தச் சந்தேகத்தையே சந்தேகிக்கும் அவசியம் ஏற்பட்டது. வலி என் வாக்கியங்களை ஆழப்படுத்தவில்லை. குட்டையாக்கியது, அவ்வளவுதான்.

ஆகவே தினசரி எழுதவும், இடையிடையே கோட்டுச் சித்திரம் போடவும் ஒத்துவரும் ஒரு பென் பென்சிலைத் தேடலானேன். பேனா வேண்டாம், அழுத்தாமல் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும், அடிக்கடி சீவ வேண்டியிராததாக இருக்க வேண்டும். கேட்டால் இவ்வளவு எளிய தேவை.

அப்போது அனகாபுத்தூரில் இருந்தேன். பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகக் குன்றத்தூர் போகும் சாலையில், அடையாற்றின் கரையில் உள்ள ஊர். நெசவுக்குப் பேர்போனது. இன்று தறிச் சத்தம் கேட்கும் வீடுகள் குறைவு. ஒரு வீட்டில் குழித்தறி பார்த்தேன். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை விட்டு, விளிம்பில் உட்கார்ந்து, மிதிபலகையை மிதித்து நெய்வது. குழி புதிதாகச் செப்பனிடப்பட்டது போலிருந்ததால் விசாரித்தேன். "எங்கப்பா குட்டை. அவர் காலுக்கு வெட்டின குழி எனக்கு ஆகலை. அரை அடி தோண்டினேன். இல்லைன்னா இடுப்பு போயிடும் சார்" என்றார். அதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. சௌகரியம் அவருக்குத் தொழிலின் ஒரு பகுதி; தொழிலுக்கு எதிரானது அல்ல. இவ்வளவு சாதாரணமான விஷயம் எழுத்தாளன் என்ற ஜாதிக்கு ஏன் எட்டவில்லை என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

ஆனால் ஒப்புமை அங்கேயே நின்றுவிடுகிறது. அவர் தோண்டினார். நான் கடையில் நின்று தேர்ந்தெடுக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. தோண்டும்போது கருவி உடம்பை நோக்கி வருகிறது. தேர்ந்தெடுக்கும்போது எங்கோ யாரோ ஒரு சராசரிக் கையை ஊகித்துச் செய்த பத்துப் பொருள்களில் எதன் ஊகம் என் கைக்கு அருகில் வருகிறது என்று பார்க்கிறேன். இதைச் சுதந்திரம் என்று நம்புவதற்குக் கடைக்காரர் உதவுகிறார்.

அந்த ஊகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோட்ரிங் 600 என்ற ஜெர்மானியப் பெயர் கொண்ட பென்சில் பித்தளை உடம்பு, இருபது கிராமுக்கு மேல் எடை, பிடிக்கும் இடத்தில் அரம் போன்ற சொரசொரப்பு. அளவுகோலை வைத்துச் செங்குத்தாகக் கோடு இழுக்கும் வரைவாளனுக்காக யோசிக்கப்பட்ட பொருள். எழுதினால் அரை மணியில் நடுவிரல் காய்ப்பைக் கடிக்கிறது. ஜப்பானியப் பென்டெல் பி205 அதில் பாதி எடை. ஆனால் உடம்பு மெல்லிசு; மெல்லிசானதை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, இறுக்கம் நேராக மூட்டில் போய் உட்காருகிறது. பருமனான, ரப்பர் உறை போட்ட மலிவுப் பிளாஸ்டிக் பென்சில்கள்தான் கட்டைவிரலுக்கு இதம். பார்க்க அசிங்கமாக இருக்கின்றன. அழகுணர்ச்சி, மூட்டுவலி இரண்டில் எதற்குக் கட்டுப்படுவது என்பது ஒரு தத்துவப் பிரச்சினையாகத் தோன்றாமல் இருக்கலாம். கடையில் நிற்கும்போது தோன்றும்.

எனக்குத் தாமதமாகவே புரிந்தது, சௌகரியம் உடம்பில் இல்லை, லெட்டில் இருக்கிறது என்பது. 1795இல் பிரெஞ்சுக்காரர் கோன்ட்டே கிராஃபைட் பொடியையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்டதிலிருந்து களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை என்பதுதான் பென்சிலின் இலக்கணம். பென் பென்சிலில் போடும் 0.5, 0.7 மில்லிமீட்டர்க் குச்சிகளில் களிமண்ணின் இடத்தைப் பிசின் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தப் பருமனில் களிமண் தாங்காது. ஆனாலும் எச்.பி., 2பி என்ற பழைய கணக்கு மாறவில்லை. 0.5 எச்.பி.யில் கறுப்பு வரவழைக்க அழுத்த வேண்டும், அழுத்தினால் ஒடியும். 0.7இல் 2பி போட்டால் பென்சிலின் சொந்தக் கனமே போதும். என் வலியில் பாதி இந்த மாற்றத்தில் போனது.

இன்னொன்று. 2008இல் ஜப்பானில் யூனி நிறுவனம் குரு டோகா என்று ஒரு பென்சிலைக் கொண்டுவந்தது. தாளில் வைத்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் பல்சக்கரம் லெட்டை 9 டிகிரி திருப்பும்; நாற்பது தடவையில் ஒரு முழுச் சுற்று. முனை ஒரு பக்கமாகத் தேயாது, கோடு ஒரே சீராக இருக்கும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குள் ஜப்பானிய எழுத்து உட்கார்ந்திருக்கிறது. கோடு கோடாகக் கையைத் தூக்கித் தூக்கி எழுதுகிறவர்களுக்கு அது சுழன்றுகொண்டே இருக்கும். நம்முடையது அப்படியல்ல. ஞ-வையோ ண-வையோ தூக்காமல் ஒரே வளைவாகப் போட்டு முடிக்கிறோம். 1978 சீர்திருத்தத்துக்கு முன் படித்த என் கை இன்னும் ணை, லை-களைத் தும்பிக்கை போட்டே எழுதுகிறது; ஓர் எழுத்துக்கு ஒரு தூக்கல். சக்கரம் சோம்பிக் கிடக்கிறது. பனையோலைக் காலத்திலோ எழுத்தாணி ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்க, இடது கை ஓலையை நகர்த்தியது. கருவி நம் எழுத்தை மாற்றுகிறது, எழுத்து கருவியை ஏற்றுக்கொள்கிறது அல்லது வேலையற்றதாக்குகிறது. கடையில் இருக்கிற சராசரிக் கை எந்த மொழியில் எழுதுகிற கை என்று நாம் கேட்பதே இல்லை.

கடைசியில் 0.7, 2பி, அசிங்கமான பிளாஸ்டிக். வலி அடங்கியது. பக்கங்கள் ஓடின. ஓடியதே பிரச்சினையாயிற்று. கை தடைப்படாதபோது வாக்கியம் தனக்கு முந்திய வாக்கியத்தின் சந்தத்தில் பிறக்கத் தொடங்குகிறது, பார்த்ததிலிருந்து பிறப்பதில்லை. சரளம் என்று நாம் வசைச் சொல்லாகப் பயன்படுத்துவதற்கு ஸ்தூலமான ஓர் ஆதாரம் இருக்கிறது என்று அப்போது பட்டது. ஆனால் அதற்குப் பரிகாரமாக மூட்டுவலியைத் திரும்ப அழைத்துக்கொள்வது போலித் துறவு.

பென் பென்சிலின் பின்புறத்தில் மூடிக்குள் ஒரு சிறு ரப்பர் இருக்கிறது. பிடி தரும் சௌகரியத்தைவிட இது தரும் சௌகரியம்தான் என்னை இப்போது தொந்தரவு செய்கிறது. 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி ஆதிமூலம் போட்ட காந்திக் கோட்டோவியங்களை நினைத்துப் பார்க்கிறேன். மைக்கோடு. போட்டது போட்டதுதான், பிசகிய கோடும் உருவத்தில் பங்கு வகித்தாக வேண்டும். பென்சிலில் அந்தக் கட்டாயம் இல்லை.

2024இல், தேடல் இன்னும் முடியாமல் 0.5 எச்.பி.யோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, அடையாற்றங்கரையில் ஒரு வீட்டை வரைந்தேன். தகர வாசல், ஒரு முருங்கை, வாசலுக்குக் குறுக்கே துணி காயும் கொடி. கொடி சித்திரத்தை இரண்டாக வெட்டுகிறது என்று பட்டதால் அழித்துவிட்டேன். அழித்ததும் நன்றாக இருந்தது. 2025 மே மாதத்தில் அந்தக் கரையில் வீடுகளை ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்தார்கள். நான் வரைந்த வீடும் போயிற்று. இடித்ததைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, அதை இங்கே சொல்லப்போவதில்லை. என்னைச் சங்கடப்படுத்துவது அதற்கு முன்பே, யாரும் கேட்காமல், அந்த வீட்டிலிருந்து ஒரு பொருளை நான் எடுத்துவிட்டிருந்தேன் என்பது. சித்திரத்தின் சௌகரியத்துக்காக.

அழிப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதற்கும் இந்த ஊரிலிருந்தே உதாரணம் இருக்கிறது. மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் இங்கே நெய்த கட்டம்போட்ட துணி, 1970களில் அங்கே இறக்குமதித் தடை வரும்வரை, நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நைஜர் டெல்டாவின் கலபாரிப் பெண்கள் இத்தகைய மெட்ராஸ் துணியை வாங்கி, பிளேடால் இழைகளை நறுக்கி, ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் புதுக் கோலம் உண்டாக்குவார்கள். அதற்கு பெலெட்டே பிட்டே என்று பெயர். நெய்தவன் போட்டதை நீக்குவதுதான் அங்கேயும் நடக்கிறது. ஆனால் உருவிய இடம் உருவிய இடமாகவே தெரியும், அதை உடுத்திக்கொள்கிறார்கள். என் ரப்பரின் சாமர்த்தியம் எதுவும் நடக்கவில்லை என்று காட்டுவதில் இருக்கிறது.

சென்ற வாரம் அந்தத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கொடி இருக்கிறது. கறுப்பு போய்விட்டது, 0.5இன் கடினமும் என் அழுத்தமும் தாளில் கீறிய பள்ளம் போகவில்லை. ஓலையில் கீறியதன்மேல் விளக்குக் கரியைத் தடவினால்தான் எழுத்து தெரியும். இங்கே 2பி-யைச் சாய்த்து மேலே லேசாகத் தேய்த்தால் போதும், கொடி வெள்ளையாக எழுந்து வரும், அதில் தொங்கிய இரண்டு புடவைகளும். என் புதுப் பென்சிலால் வரைந்திருந்தால் பள்ளமே விழுந்திருக்காது. அதற்காக நான் பழைய பென்சிலுக்குத் திரும்பப்போவதில்லை, கை விடாது. பின்புற ரப்பரை மட்டும் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன். தாளை இன்னும் தேய்க்கவில்லை.