எத்தனை பாயிண்ட்?

மின்வெட்டுக்கு வீட்டைத் தயார் செய்வதை விவேகம் சம்பந்தப்பட்ட காரியமாகவே எண்ணி வருகிறோம். குடங்களில் நீர் பிடித்து வைப்பது, தீப்பெட்டியை இருட்டில் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது, டார்ச்சுக்குப் புது பாட்டரிக் கட்டை வாங்கிப் போடுவது. இவற்றில் அறம் பற்றிய கேள்வி எதுவும் ஒளிந்திருப்பதாகத் தெரிவதில்லை. இன்வெர்ட்டர் வீட்டுக்குள் வந்த பிறகு ஒளிந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

2012ஐ எடுத்துக்கொள்கிறேன். காற்று ஓய்ந்து முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் அடங்கியதும், கோவையில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் விற்பவர்களுக்கு நல்ல காலம். அந்தப் பெட்டி எதையும் உற்பத்தி செய்வதில்லை என்பது வாங்கியவர்களில் பலருக்கு உறைக்கவே இல்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று காகிதக் கணக்கில் 1.8 யூனிட் கொள்ளும். மின்சாரம் திரும்பியதும் அது பொதுவிலிருந்து குடிக்கத் தொடங்குகிறது. குடித்ததில் ஏறத்தாழ கால் பங்கு வெப்பமாகப் போய்விடும். ஆகவே வெட்டு நேரத்தில் என் வீட்டில் எரியும் விளக்கு, சாதாரண நேரத்தில் எரியும் அதே விளக்கைவிடப் பொதுவிலிருந்து அதிகம் எடுத்துக்கொள்கிறது. பற்றாக்குறை மாலை நேரத்துக்கு மட்டுமானதாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அந்த ஆண்டு அது இரவு பகல் முழுக்க இருந்தது.

காண்ட் 1785இல் வைத்த சோதனை இங்கே பொருந்துகிறது: நான் செய்வதை எல்லோரும் செய்யட்டும் என்று என்னால் விரும்ப முடியுமா? முடியாது. எல்லோரும் வாங்கினால் வெட்டு அந்த அளவுக்கு நீளும். பெரும்பாலோரிடம் இல்லாதவரைதான் அது எனக்குப் பயன்படுகிறது.

ஆனால் என் தாயாருக்கு இளைப்பு. இரவு இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கிறவளிடம் காண்ட்டைச் சொல்ல முடியாது. நெபுலைசருக்கு மின்சாரம் வேண்டும். வாங்கினேன், சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் கேட்டார்: "எத்தனை பாயிண்ட் குடுக்கட்டுங்க சார்?"

அறவியலில் நான் படித்தவற்றில் இவ்வளவு துல்லியமான கேள்வி குறைவு. தேவை உரிமை தருகிறது, ஆனால் தேவையின் அளவுக்கே தருகிறது. கம்பிக்கு அந்த அளவு தெரியாது. நெபுலைசருக்கு இருக்கும் நியாயத்தைப் பிடித்துக்கொண்டு மின்விசிறி வரும், அதன் பின்னால் டெலிவிஷன், அப்புறம் நான் இதை எழுதும் மேஜையின் விளக்கு. தாயாரின் பெயரால் வாங்கியதை யார் கேள்வி கேட்பார்கள்? குடும்பப் பாசம் நமக்குள் எத்தனையோ அபகரிப்புகளுக்கு இப்படித்தான் முகப்பாக நிற்கிறது. அந்தப் பாசம் பொய் என்று இதற்குப் பொருளில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒற்றை லேத் வைத்து ஜாப் ஆர்டர் எடுத்து வந்த ஒருவர் சொன்னார்: "உங்க பொட்டில ஃபேனு ஓடுமுங்க சார். லேத்து ஓடுமுங்களா?" ஓடாது. அவருக்கு இருட்டோடு கூலியும் போயிற்று. எனக்குப் புழுக்கம் மட்டும் வந்திருக்கும், அதையும் தவிர்த்துக்கொண்டேன். இருவருக்கும் ஒரே மின்வெட்டு என்று பத்திரிகைகள் எழுதின.

அதே கேள்விக்கு அரசாங்கமும் ஒரு விடை வைத்திருந்தது. சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. மற்ற மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. தலைநகருக்குப் பாயிண்ட் கொடுத்தாயிற்று. (இருளைப் பற்றி நம் கவிஞர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அது எத்தனை மணி நேர இருள் என்று ஒருவரும் சொன்னதில்லை.)

அரிக்கேன் விளக்கின் எளிமையைப் புகழ்ந்து இதிலிருந்து தப்ப முடியாது. மண்ணெண்ணெயும் ரேஷனில் அளந்து வந்த பொதுச் சொத்துதான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையேறியபின் டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மேல்நிலைத் தொட்டியில் நீரேற்ற ஜெனரேட்டர்கள் வந்தன. அங்கே பாயிண்ட் ஒன்றே ஒன்று, அது தண்ணீருக்கு. எனக்கு அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஜெனரேட்டரைச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் செருகுகிறவர்களும் எங்கும் உண்டு. அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்வழியாக ஏறி, 11,000 வோல்ட்டாகப் பெருகி, இறந்துவிட்டதாக நம்பி லைன்மேன் கைவைக்கும் கம்பியில் போய்க் காத்திருக்கும். நம் முன்னேற்பாடு ஓர் ஆளைக் கொல்வதற்கு இவ்வளவு போதும்.

இப்போது மாடிகளில் சூரியப் பலகைகள் வந்துவிட்டன. பாட்டரி இல்லாமல் மின்தடத்தோடு நேராக இணைத்த பலகை, தெருவில் மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடுகிறது. நல்ல வெயிலில், தலைக்கு மேல் பலகை இருக்க, வீட்டில் மின்விசிறி ஓடவில்லை என்று நண்பர் ஒருவர் ஏமாற்றப்பட்டவர்போல் குமுறினார். கம்பத்தில் ஆள் இருக்கலாம், அதற்காகத்தான் அணைகிறது என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு, கம்பத்தில் யாருமில்லையே என்றார். பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. அப்போதும் அணைகிறது.