மீண்டும் மீறப்படும் ஆணை

நீதிமன்றம் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணை வெறும் தாளன்று. அரசு ஒரு பெண்ணுக்கு அளிக்கும் வாக்குறுதி அது. அதனை நம்பித்தான் அடிபட்டவள் ஒளிந்திருந்த இடத்தைவிட்டு வெளியே வருகிறாள், வேலைக்குச் செல்கிறாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அந்த ஆணை மீறப்படும்போது அவளது நிலை முன்னிலும் இரங்கத்தக்கதாகிறது. காவல் உண்டென நம்பித் தன் எச்சரிக்கையைத் தளர்த்தியவளல்லவா அவள்?

அவ்வாறாயின், ஒரே ஆணையைத் திரும்பத் திரும்ப மீறுவோனுக்குரிய தண்டனை யாது? முதல் மீறலும் மூன்றாம் மீறலும் ஒன்றுதானா? சற்றே ஆராய்வோம்.

2005-இல் இயற்றப்பெற்று, 2006 அக்டோபர் 26 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், இத்தகைய ஆணையிடும் அதிகாரத்தை நடுவருக்கு வழங்குகிறது. அடித்தல் கூடாது, அவளது பணியிடத்தில் நுழைதல் கூடாது, கடிதத்தாலோ தொலைபேசியாலோ தொடர்புகொள்ளல் கூடாது என்றெல்லாம் அவர் தடுக்கலாம். மீறுவோனுக்கு 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பாதிக்கப்பட்டவளின் சாட்சியம் ஒன்றைக் கொண்டே குற்றம் நிகழ்ந்ததென முடிவு செய்யலாம் என்கிறது 32-ஆம் பிரிவு. நான்கு சுவர்களுக்குள் நடக்கும் கொடுமைக்கு வேறு சாட்சி ஏது என்பதை உணர்ந்த நல்விதி இது. ஆனால், இம்மீறல் எத்தனையாவது என்ற கேள்வியை 31-ஆம் பிரிவு எழுப்பவில்லை. முதல்முறை மீறியவனுக்கும் நான்காம்முறை மீறியவனுக்கும் அதன் உச்சவரம்பு ஒன்றே.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமோ வேறு வழியை மேற்கொண்டுள்ளது. அங்கே முதல் மீறலுக்குப் பொதுவாக ஓராண்டிற்குட்பட்ட சிறையே உச்சம். இருமுறை அவ்வாறு தண்டிக்கப்பெற்றவன் மீண்டும் மீறுவானாயின், அது பெருங்குற்றமாகி, ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமளிக்கிறது.

‘தண்டனை கடுமையானால் பெண்களே புகார் கூறத் தயங்குவர், சம்பாதிப்பவன் சிறை சென்றால் அடுப்பெரிவது எவ்வாறு?’ என்பர் சிலர். தள்ளத்தக்க வாதமன்று இது. ஆயினும், எடுத்த எடுப்பிலேயே கடுந்தண்டனை வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வாதம் துணைசெய்யும். எத்தனை முறை மீறினும் ஒரே அளவு போதும் என்பதற்கு ஆகாது. முதல் மீறல் ஆத்திரத்தின் விளைவாக இருக்கலாம். தண்டனையை அனுபவித்த பின்னும் அதே வாசலில் வந்து நிற்பது தீர்மானத்தின் விளைவு. இரண்டும் எவ்வாறு ஒன்றாகும்?

‘ளுல்ம்’ என்னும் அரபுச் சொல் அநீதியைக் குறிப்பது. ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைத்தல் என்று அகராதியாளர் அதற்குப் பொருள் கூறுவர். தவறி நிகழ்ந்த ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பல்லாண்டுச் சிறை அநீதியே. தொடர்ந்து துரத்துவோனை மீண்டும் ஒருமுறை அபராதத்தோடு அனுப்பிவைப்பதும் அதே அளவு அநீதியே. மீறல் ஏற ஏறத் தண்டனையும் ஏறுதல் பழிவாங்கலன்று. நீதிமன்றம் தான் அளித்த வாக்கைத் தானே காத்துக்கொள்வதாகும்.