திரும்பினர் - எங்கே?

வெளிநாடு சென்று மீள்வோர்க்கு வழிநெடுகக் களைப்பு உண்டு, கலக்கம் இல்லை. வீட்டு வாயிலில் விளக்கு எரியும், பெயர் சொல்லி அழைக்க ஆள் இருக்கும் என்ற உறுதி அவர்களை இழுத்து வந்துவிடும். அந்த உறுதி ஏதுமின்றி, ஒரு நூற்றாண்டுக்குப் பின் 'திரும்பி' வந்த மக்களும் நம் நாட்டில் உண்டு. அவர்களுக்கு அரசு சூட்டிய பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அந்தப் பெயர் மெய்தானா என்று நாம் ஆராய்தல் வேண்டும்.

கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் விளையும் ஊர் பெரும்பாறை. இங்கிருந்து கொடைக்கானல் வரை பரந்து கிடக்கும் மலைத்தொடரில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தோர் பலர் கூலி தேடிக் குடியேறினர். இவர்களுடைய முன்னோர் கடல் கடந்ததும் காப்பிக்காகத்தான்! 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைத் துரைமார் கண்டி மலைகளில் காப்பி பயிரிட்டனர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, கங்காணியின் பின்னே நம் மக்கள் மன்னார்க் காட்டுவழியே நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். 1869 முதல் இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. பயிர் மாறிற்று, லயத்து வாழ்வு மாறவில்லை.

காட்டை நாடாக்கியவர்களுக்கு நாடு தந்த பரிசு என்ன? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு - ஏழுக்கு நான்கு என்று கணக்கு! எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்ணிக்கையை முதலில் முடித்தார்கள். விண்ணப்பத்தைப் பிறகு கேட்டார்கள். மனிதரைக் கேளாமல் மனிதரைப் பங்கிட்ட ஏற்பாட்டுக்கு இட்ட அழகிய பெயர்தான் 'தாயகம் திரும்புதல்'.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். வீடு திரும்புவோர் ஒப்பாரியா வைப்பர்? கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் மண்டபம் முகாமில் வைக்கப்பட்டனர். முன்னாளில், இலங்கைக்குக் கூலிகளாகச் சென்றோரை நோய்த் தடுப்புக்காக அடைத்துவைத்த இடமும் அந்த மண்டபம் முகாமே! பாட்டன் போன வாசலில் பேரன் வந்து நின்றான். பாட்டனும் ஏழை, பேரனும் ஏழை. இடையில் தேயிலை பல கோடிகளை ஈட்டித் தந்தது - வேறு யாருக்கோ.

"முன்னோர் பிறந்த மண் தாயகமல்லவா?" என்பர் சிலர். முன்னோரின் ஊரில் அவர்களுக்காகக் காத்திருந்தது எது? நிலமா? வீடா? வந்தோருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். ஊர் அவர்களுக்காக வைத்திருந்தது சேரியை மட்டுமே. குருதியைக் காட்டி உறவு பேசிய மண், குடிதண்ணீர்க் கிணற்றருகே சாதியைக் காட்டிற்று.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1968இல் நீலகிரியில் இவர்களுக்கென அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. எனினும், கொழுந்து பறிக்க மட்டுமே அறிந்த கைகளில் கடை வைக்கக் கடன் தந்தால் கடை எத்தனை நாள் நிற்கும்? கையிருப்புக் கரைந்ததும் பலர் மீண்டும் மலை ஏறினர். கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டச் சென்ற குடும்பங்கள் முன்பணத்தில் சிக்கிக் கொத்தடிமைகளாய்க் கிடந்த செய்தி 1980களில் வெளியாயிற்று. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே ஏட்டில் ஏறியிருந்தது! அங்கே 'கள்ளத்தோணி' என்ற ஏச்சு; இங்கே 'சிலோன்காரன்' என்ற பேச்சு. இரு கரையும் அவனை மறுகரைக்கு உரியவன் என்றே சொல்லின.

பெரும்பாறைக்குக் கீழே, அடிவாரத்தை ஒட்டியிருக்கிறது பட்டிவீரன்பட்டி. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவர் சவுந்திரபாண்டியனாரின் ஊர் அது. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் கிடையாது என்றார் அவர். பயணச் சீட்டு கையிலிருந்தால் போதாது, பக்கத்தில் அமரும் உரிமையும் வேண்டும் என்பதை அறிந்தவர் செய்த செயல் அது. வீடு திரும்புதலும் அத்தகையதே. கப்பல் கரை சேர்வதால் பயணம் முடிவதில்லை. "நீ எந்த ஊர்? எந்த ஆள்?" என்ற கேள்வி நிற்கும் இடத்திலேதான் அது முடிகிறது.

தாயகம் என்பது தெய்வமன்று, தேங்காய் உடைத்து வணங்க. அது ஓர் ஒப்பந்தம்: உழைப்பவனுக்கு உரிமை, வந்தவனுக்கு வரவேற்பு, வாழ்பவனுக்கு வாக்கு. அந்த ஒப்பந்தத்தை எந்த மண் காக்கிறதோ அதுவே தாயகம். காவாத மண் வெறும் மண்.

தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றது. இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. ஆனால் 1983க்குப் பின் அகதிகளாக இங்கு வந்த மலையகத் தமிழருள், குடியுரிமையின்றி முகாம்களில் வாழ்வோர் இன்றும் உளர். முகாமில் பிறந்த பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. இளைஞர்களே! தமிழினப் பெருமை பேசும் மேடைகளில் அந்தப் பிள்ளைகளின் பெயரும் ஒலிக்கட்டும். அவர்கள் இன்னும் வழியில்தான் இருக்கிறார்கள். கதவோ நம் பக்கம் தாழிடப்பட்டிருக்கிறது.