தலம் எதனால் தலமாகிறது?

புதுச்சேரியில் மரபு நடை என்ற பெயரில் நடத்தப்படும் வழிகாட்டிச் சுற்றுலாக்களில் வருவோர், மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம், மாதா கோயில்கள், நகரின் தென்பகுதியிலுள்ள பள்ளிவாசல்கள் ஆகியவற்றைச் சில மணி நேரத்துக்குள் கண்டு, பல சமயங்கள் அருகருகே வாழும் ஊர் இது என்ற நிறைவோடு திரும்புகின்றனர். அந்த நிறைவுக்கு இவ்வூரில் உண்மையான அடிப்படை உண்டு என்றாலும், ஓர் இடம் எதனால் புனிதமாகிறது என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை.

சைவ மரபு மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றைப் போற்றுகிறது. இவற்றுள் தலம் என்பது இறைவன் விரும்பி எழுந்தருளியதாகக் கருதப்படும் நிலம் என்பதால், கட்டடம் அழிந்தாலும் மண்ணின் புனிதம் அழிவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயர் திருஎண்ணெய் பூசிப் பலிபீடத்தை அர்ச்சிக்கும் சடங்கினால் ஆலயம் இறைவனுக்கு உரியதாகிறது. இஸ்லாத்திலோ தூய்மையான நிலம் எதுவும் தொழுவதற்கு ஏற்றதே. ஆயினும் வக்ஃபாக, அதாவது இறைவனின் பெயரால் மீளாக் கொடையாக, அளிக்கப்பட்ட பள்ளிவாசல் நிலத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

இந்த மூன்று கொள்கைகளும் ஒரே இடத்தில் மோதிய நாள்கள் 1748 செப்டம்பரில் வந்தன. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் ஆட்சியில், ஏசு சபையாரின் தூய பவுல் ஆலயத்துக்கு, மக்கள் வழக்கில் சம்பா கோவிலுக்கு, அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை மிகுந்த வேதனையோடு எழுதிவைத்தார். பள்ளிவாசல் ஒன்றையும் இடிக்க முற்பட்டபோது சிப்பாய்களின் முஸ்லிம் தலைவர் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது என்ற செய்தியும் அதில் உண்டு. கோயிலுக்காகப் பேச ஆயுதம் தாங்கிய எவரும் இல்லை என்பதே அந்த இரு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு; புனிதத்தின் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இடித்தவர்களின் ஆலயமும் 1761இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டு, இன்றைய பேராலயம் 1791இல் நிறைவுற்றது.

வேதபுரீசுவரர் பின்னர் ஈசுவரன் கோயில் வீதியில் குடிகொண்டார். தலம் நிலத்தோடு ஒட்டியதெனில் இந்த இடமாற்றம் ஈடுசெய்ய முடியாத இழப்பு. வழிபடுவோரின் அன்பே தலத்தை உண்டாக்குகிறதெனில் வழிபாடு அறுபடவில்லை. இவற்றுள் இரண்டாவதற்கு வலுவான சான்று ஆசிரமத்தில் இருக்கிறது. 1910இல் ஆங்கில அரசின் பிடிக்கு அப்பால் இந்நகருக்கு வந்த அரவிந்தரின் உடல் 1950 டிசம்பரில் ஆசிரம முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அதற்கு முன் எந்தப் புராணமும் குறிப்பிடாத அந்த முற்றத்தில் இன்று மக்கள் மலர் பரப்பிய பளிங்குச் சமாதியில் நெற்றியைப் பதித்து, பேச்சற்று நிற்கின்றனர்.

ஆனால் புதிய தலம் உருவாக முடியும் என்பது பழைய தலம் பறிக்கப்பட்டதை நியாயப்படுத்தாது. நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசும் வழிகாட்டி பேராலயத்தின் வாயிலில் 1748ஐச் சொல்லாமல் கடந்தால், இரு தரப்பு அடியார்களுக்கும் அநீதி செய்கிறார். சொன்ன பிறகு நடையை ஈசுவரன் கோயில் வீதி வரை நீட்டி, அங்கே நடக்கும் பூசையையும் காட்டுவதே முறை.