தர்மமா, நீதியா?



செயற்கை நுண்ணறிவால் விளைவது நன்மையா தீமையா என்று எங்கும் வாதம் நடக்கிறது. அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. அந்த ஆராய்ச்சியின் பலன் யாருக்குச் சொந்தம்?

ஓர் உதாரணத்தைக் கொண்டு யோசிப்போம். நம் உடலின் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். ஒவ்வொரு புரதமும் நூல்போல் நீண்டு, தனக்கே உரிய வடிவில் மடிகிறது. அவ்வடிவம் தெரிந்தால், மருந்து எங்கே பற்றும் என்பது விளங்கத் தொடங்கும். ஆனால் ஒரு வடிவத்தைக் கண்டறியவே சில வேளை பல ஆண்டுகள் செல்லும்.

2020-இல், லண்டனில் இயங்கும் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் அமைத்த ஆல்ஃபாஃபோல்ட் என்னும் கணினி முறை, பல வடிவங்களை மிகத் துல்லியமாகக் கணித்துக் காட்டியது. 2021-இல், ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிலையத்துடன் சேர்ந்து, அவற்றை எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டார்கள். 2022-இல் அத்தொகை 20 கோடியைத் தாண்டியது. ஏழைகளை வாட்டும் மலேரியாவை ஆராய்பவர்களும் காசு கொடாமல் அதைப் பயன்படுத்துகிறார்கள். இதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்கள்.

"எவ்வளவு பெரிய தர்மம்!" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். அந்த இயந்திரம் எதைப் பார்த்துக் கற்றது? 1971-இல் ஏழே வடிவங்களுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கியைப் பார்த்து! பல நாட்டு விஞ்ஞானிகள் தாங்கள் கண்டதைப் பூட்டி வைக்காமல் அதில் சேர்த்தார்கள். அவர்களில் பலருக்கு ஊதியம் அளித்தது மக்களின் வரிப்பணம். 2020-க்குள் ஏறத்தாழ 1,70,000 வடிவங்கள் சேர்ந்திருந்தன. ஊர் கூடி வெட்டிய கிணறு அது. அதில் இறைத்த நீரை ஊருக்கு விடுவது தர்மமன்று, நீதி.

"பெரும் பொருள் செலவிட்டவர்கள் லாபம் பெற வேண்டாமா?" என்று கேட்கலாம். பெறட்டும். ஏற்றம் இறைத்தவனுக்குக் கூலி நியாயமே. கிணற்றுக்குப் பூட்டுப் போடுவதுதான் நியாயமன்று. 2024 மே மாதம் ஆல்ஃபாஃபோல்டின் அடுத்த பதிப்பை அறிவித்தபோது, அதன் நிரலை வெளியிடவில்லை. விஞ்ஞானிகள் பலர் ஆட்சேபித்தார்கள். நவம்பரில் அது வெளியிடப்பட்டது; ஆனால் வணிகமல்லாத உபயோகத்துக்கு மட்டுமே. கேட்டவர்கள் இருந்ததால் கதவு சற்றேனும் திறந்தது.

இன்னொன்று. வடிவம் தெரிந்ததனால் மட்டும் நோய் தீராது. மருந்து செய்து, சோதித்து, ஏழைக்கு எட்டும் விலையில் கொடுக்கவேண்டும். அதுவரை அந்த நீர் வயலுக்குப் போய்ச் சேரவில்லை.

"இதில் நமக்கென்ன?" என்று இருந்துவிடாதீர்கள். நம் எக்ஸ்ரே படங்களும், நம் எழுத்தும் பேச்சும் இத்தகைய இயந்திரங்களுக்குப் பாடமாகக்கூடும். அவற்றைக் கேட்டு வருபவரிடம், "எங்களிடம் பெற்றதில் பொதுமக்களுக்கு என்ன திரும்பும்?" என்று தயங்காமல் கேளுங்கள். இத்துறையில் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அக்கேள்வியைக் கற்றுக்கொடுங்கள். அப்படிக் கேட்பது பிச்சையன்று. நமக்கு உரியதைக் கேட்பதாகும்.