அடங்கிய நோய்க்கு அறுவை: ஓர் அறநெறிக் கேள்வி

பெருங்குடல் சுவரின் வலுக்குறைந்த இடங்களில் பிதுங்கி நிற்கும் சிறு பைகள் அழற்சியுறுவதே டைவர்ட்டிகுலைட்டிஸ். குடல் ஓட்டையாகி மலம் வயிற்றுக்குள் பரவிவிட்டால் அறநெறி பேச நேரமில்லை, அறுத்தாக வேண்டும். வலியும் காய்ச்சலும் தணிந்து நோயாளி வீடு திரும்பிய பின், மறுபடி வராமலிருக்க பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியை வெட்டி எடுக்கலாமா என்பதுதான் கடினமான கேள்வி.

கத்தோலிக்க அறநெறி மரபு இதை நெடுங்காலமாகச் சிந்தித்திருக்கிறது. அந்த மரபில் உடல் மனிதனின் உடைமை அன்று; கடவுள் அவன் பொறுப்பில் விட்டது. எனவே விரும்பியபடி வெட்ட உரிமையில்லை. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், அழுகிய உறுப்பு உடல் முழுவதையும் கெடுக்குமானால் அதை நீக்கலாம் என்றார். உறுப்புக்கு உரியவரின் சம்மதத்தையும் நிபந்தனையாக வைத்தார். மயக்க மருந்து வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது என்பதை நினைத்தால், அந்தச் சம்மத நிபந்தனை வியக்கத்தக்கது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1953-இல் சிறுநீரியல் மருத்துவர்களிடம் உரையாற்றியபோது உறுப்பை எப்போது நீக்கலாம் என்பதை மூன்று நிபந்தனைகளாகத் தெளிவாக்கினார்: உறுப்பு இருப்பது உடல் முழுவதற்கும் கடும் கேடாகவோ அச்சுறுத்தலாகவோ இருக்க வேண்டும்; அதைத் தவிர்க்கவோ குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவோ வேறு வழி இருக்கக் கூடாது; இழப்பை ஈடுசெய்யும் நன்மை கிடைக்க வேண்டும்.

அச்சுறுத்தலே போதும் என்பதால் முன்கூட்டிய அறுவையை இந்த மரபு மறுக்கவில்லை. ஆனால் அச்சுறுத்தல் மெய்யானதாக இருக்க வேண்டும். இங்கேதான் மருத்துவம் தடுமாறியது. தாக்குதல்கள் கூடக்கூட மருந்துக்கு நோய் கட்டுப்படுவது குறையும் என்று 1969-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு கூறியது. இரண்டு முறை வந்தால் வெட்டலாம் என்ற வழக்கம் அதிலிருந்து வேரூன்றியது. ஆனால் குடல் ஓட்டையாகும் ஆபத்து பெரும்பாலும் முதல் தாக்குதலிலேயே மிகுதி என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. 2006-இல் அமெரிக்கப் பெருங்குடல் அறுவை மருத்துவர் சங்கம் எண்ணிக்கை விதியைத் தளர்த்தி, ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே எடைபோடச் சொன்னது. மெய்யான அச்சுறுத்தல் இல்லாத இடத்தில் எத்தனையோ பேரின் குடல் வெட்டப்பட்டது என்பதே இதன் பொருள். அது மருத்துவப் பிழை மட்டுமன்று, அறப்பிழையும்கூட.

மூன்றாவது நிபந்தனை மறுபக்கம் சாய்கிறது. வலி ஓயாதவர்களையும் நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களையும் ஆராய்ந்து 2017-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், அறுவைக்கு உட்பட்டவர்களின் வாழ்க்கைத் தரம் தெளிவாக மேம்பட்டது. ஆனால் அறுவை செய்துகொண்டவர்களில் 15 சதவீதம் பேருக்குக் குடலை இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டது. கசிந்தால் மறு அறுவை. சிலருக்கு வயிற்றில் வழி திறந்து, மலப்பை மாட்டிக்கொண்டு வாழும் நிலை. ஓயாத வலியையும் இந்த ஆபத்தையும் ஒரே தராசில் வைக்க எந்தச் சூத்திரமும் உதவாது. இரண்டையும் சுமக்கப்போகிறவர் நோயாளி என்பதால், அக்குவினாஸ் கேட்ட சம்மதம் இங்கே முதன்மை பெறுகிறது.

உறுப்பு மாற்றத்துக்குப் பின் நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்து உண்பவர்களுக்குக் குடல் ஓட்டையாகும் ஆபத்து மிகுதி. அவர்களுக்கு முன்கூட்டிய அறுவையை நியாயப்படுத்துவது எளிது. மற்றவர்களுக்கு, கசிவு, மலப்பை, அறுக்காமல் காத்திருக்கும் வழி ஆகிய மூன்றையும் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது.